தள்ளும் உரிமை

இரணியலுக்குத் தெற்கே, கடற்கரைக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர்ச் சந்தை. அதன் மீன் பக்கத்தில் ஒரு புன்னைமரம் நின்றது. அந்த மரத்தடியில் ஏழெட்டு மாதம் ஒரு வெறும் கடவம் கவிழ்ந்து கிடந்தது. கடவம் என்றால் மீன் சுமக்கிற பனையோலைப் பெட்டி. காலையில் முதலில் வருகிற மீன்காரி அதைக் கொண்டுவந்து கவிழ்த்து வைப்பாள். கடைசியாகப் போகிறவள் எடுத்துக்கொண்டு போவாள். இன்ன நாள் இன்னார் என்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒருநாள்கூட அது அங்கே இல்லாமல் நான் பார்த்ததில்லை.

அந்த இடத்துக்கு உரியவள் நான் கம்பவுண்டராக இருந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். நாடு விடுதலை பெற்று நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவிதாங்கூர்க் காசு போய் இந்திய ரூபாய் புழக்கத்துக்கு வந்த புதிது. அவளுக்கு நாற்பது வயசு இருக்கும். கட்டியவன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், பிள்ளை இல்லை. கடற்புறத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவருகிற மீனை இரண்டு மைல் சுமந்துவந்து புன்னைமரத்தடியில் விற்பாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மீன் சுமக்கிற பெண்கள் நடப்பதில்லை, ஓடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சந்தை சேர வேண்டும். வழியில் ஒரு குளத்தங்கரை ஏற்றம் உண்டு. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அக்கா அந்த ஏற்றத்தில் வழுக்கி, தலைச்சுமையோடு படித்துறைக் கல்லில் போய் விழுந்தாள். கூட வந்த மீன்காரிகள்தான் யார் வீட்டுக் கதவையோ கழற்றி, அதில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பு போய்விட்டது, இனி இடுப்புக்குக் கீழே அசையாது என்று பெரிய டாக்டர் சொன்னார். அக்காவுக்கு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மீனு என்னாச்சு?" என்பதுதான். அதையும் அவர்களே விற்று, பணத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

வார்டில் அவளோடு தினமும் எனக்கு மல்லுக்கட்டு. மருந்துக்குக்கூட விலை பேசுவாள். "ரெண்டு குளிகையா? ஒண்ணு போதும் கம்பவுண்டரே, மத்தத நாளைக்கி வாங்கிக்கிடுதேன்" என்பாள். நான் முன்கோபக்காரன். ஒருநாள் கத்திவிட்டேன். "சத்தம் போடாதியும். சந்தையில ஒம்மள மாதிரி நூறு பேரப் பாத்தவ நான்" என்றாள். வார்டு முழுக்கச் சிரித்தது.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொண்டுபோக அதை வைத்திருந்தோம். காற்றுவாங்கட்டும் என்று ஒருநாள் மத்தியானம் அக்காவை அதில் உட்காரவைத்து வராந்தாவில் விட்டேன். மருந்து கலக்கி முடித்துத் திரும்பி வந்தால் வராந்தா காலி. வாட்ச்மேனும் நானும் ஓடினோம். அவள் கேட்டைத் தாண்டி, ரோட்டில் ஒரு பர்லாங் போயிருந்தாள். இரண்டு கையாலும் இரண்டு சக்கரத்தையும் பிடித்து உருட்டிக்கொண்டே போனாள். உள்ளங்கை சிவந்து, முகமெல்லாம் வியர்வை. நான் போய்ப் பிடித்து நிறுத்தியதும், "சந்தைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், "இது மாதிரி ஒண்ணு கிட்டினா நான் பொழச்சிருவேன் கம்பவுண்டரே" என்றாள். அதற்குமுன் அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. மீன்காரிகள் வெறுங் கடவம் வைத்து இடம் பிடித்துக்கொண்டிருந்த விஷயமும் அப்போதுதான் அவள் சொல்லித் தெரிந்தது. அந்த இடத்துக்குக் காத்திருக்கிற பெண்கள் நிறையப் பேர். சந்தைக் குத்தகைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடற்புறத்துக் கோயில் திருவிழா வரைதான் தவணை, அதற்குள் அக்கா வந்து உட்கார்ந்து நிலையாக வியாபாரம் செய்யாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் போனால் அக்காவுக்கு அண்ணன் வீட்டு மூலை ஒன்றுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். மணிக் கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடுகிறவர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். பஞ்சர் ஒட்டி முடிக்கிற வரை கேட்டுவிட்டு, "செய்யலாம்" என்றார். எங்கள் காரியம் இப்படித்தான் தொடங்கியது. கடற்புறத்துக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அறிவிப்புச் சொன்னால் பக்கத்து ஊர் நாயும் காதைத் தூக்கும், அப்படி ஒரு தொண்டை. சந்தை முக்கில் ஜவுளிக் கடை வைத்திருந்த முதலாளி தானாகவே வந்து, "என்னைய விட்டுட்டு இந்த ஊருல ஒரு நல்ல காரியமா?" என்று கேட்டுச் சேர்ந்துகொண்டார். எங்களுக்கு அவரை விடவும் முடியாது, வைத்துச் சமாளிக்கவும் முடியாது.

இரண்டு மாதம், ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போனோம். கையில் பணம் உள்ள வீடுகள் குறைவு. ஆனால் யாரும் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கட்டுமரக்காரர்கள் ஒருநாள் கிடைத்த மீனில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். பனையேறிக் குடும்பங்கள் கருப்புக்கட்டி கொடுத்தார்கள். வயல்காரர்கள் வாழைக்குலை வெட்டி வைத்தார்கள். அய்யாவழிக் குடும்பம் ஒன்று ஒரு மூட்டை நெல்லைச் சுமந்துகொண்டு வந்தே தந்தது. முருங்கைமரம் ஒன்றைத் தவிர ஏதுமில்லாத ஒரு பெண், மரத்தில் இருந்த அத்தனை காயையும் ஒடித்து ஒரு கட்டாகக் கட்டித் தோளில் வைத்தாள். அவளுக்கு அக்காவைத் தெரியாது, பார்த்ததுகூட இல்லை. "மீன்காரிதானே, எங்க வீட்டுக்கும் ஒரு மீன்காரி வருவா" என்றாள். ஊரைப் பற்றி நான் அதுவரை வைத்திருந்த கசப்பெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் பாதியாகக் குறைந்துபோயிற்று.

சேர்ந்த பொருளை எல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் போட்டோம். எங்கள் பக்கத்து ஏலம் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பொருளுக்காக யாரும் கேட்பதில்லை. ஒரு கோழியை ஆட்டு விலைக்குக் கேட்பார்கள். எடுத்தவர், "என் பேரால மறுபடி போடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படித் திருப்பிக் கொடுக்காதவனை ஊர் கஞ்சன் என்று சொல்லும். அன்றைக்கு ஒரு கோழி ஆறு தடவை ஏலம் போயிற்று. கோழிக்கே தலை சுற்றியிருக்கும்.

பொருள் எல்லாம் தீர்ந்தும் கூட்டம் கலையவில்லை. உபதேசியாருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எங்கள் திருவிழாக்களில் சப்பரத்தின் முன்கம்பைத் தூக்குகிற உரிமையை ஏலம் விடுவது உண்டு. அதுதான் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திடீரென்று கையை உயர்த்தி, "மக்களே, நாம செய்யப்போற வண்டியில அந்தப் பிள்ளைய உக்காரவச்சு, திங்கக்கெழம தோறும் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போற உரிமை! யாரு கேக்குறா?" என்றார்.

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் வந்த பணம் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியது. வாரத்தின் ஏழு நாளும் போயிற்று. முதலாளி வியாழக்கிழமையை எடுத்தார். அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டு அவர் கணக்குப்பிள்ளை வாயைப் பிளந்தார். திங்கள்கிழமையை எடுத்தவன் நான். கைக்கடிகாரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே கொடுத்தேன். கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சைக்கிள் கடைக்காரர் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. "தள்ளுறதுக்கு எதுக்கு ஏலம்?" என்று மட்டும் என் காதருகே சொன்னார். கருமி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

தேவைக்கு மேல் பணம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி மாறும். இரண்டு சக்கரமும் ஒரு நாற்காலியும் என்று தொடங்கினோம். பணம் இருக்கிறதே என்று, நல்ல முற்றின பலாமரத்தில் ஆசாரி இழைத்தார். கைப்பிடியில் கிளி செதுக்கினார். சேலை மாட்டிக்கொள்ளக் கூடாது, பார்க்கவும் எடுப்பாக இருக்க வேண்டும் என்று, இரண்டு பக்கமும் சக்கரத்தை மூடிப் பூவேலை செய்த பலகை வைத்தோம். முதலாளி தலைக்கு மேலே சிவப்புப் பட்டில் ஒரு குடை போட்டுக் கொடுத்தார். பின்னால் தள்ளுவதற்குச் சப்பரத் தண்டு மாதிரியே ஒரு நீண்ட தண்டு. மூன்று பேர் சேர்ந்து பிடிக்கலாம்.

கொடுத்த நாளை மறக்க மாட்டேன். கொட்டும் குழலுமாக ஊர்வலம். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்த அக்காவை அண்ணன் தூக்கி உட்காரவைத்தார், மாலை போட்டோம். கடற்புறமும் உள்ளூரும் ஒன்றாக நின்று பார்த்தது. மீன்காரிகள் குலவை போட்டார்கள். அக்காவின் கை இரண்டும் பக்கவாட்டுப் பலகையை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆசாரியின் பூவேலையை ரசிக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

முதல் இரண்டு வாரம் தள்ளுகிறவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் காசு கொடுத்து எடுத்த உரிமையை நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஒவ்வொருவரும் வழியில் தெரிந்த வீட்டு முன்னாலெல்லாம் வண்டியை நிறுத்தினார்கள். முதலாளி வியாழக்கிழமை வெள்ளை வேட்டியும் அத்தருமாக வந்து, தன் சம்பந்தி வீட்டு வாசலில் அரை மணி நேரம் நிறுத்தி மோர் குடித்தார். அக்கா வெயிலில் பட்டுக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், காலடியில் மீன் குழைந்துகொண்டிருந்தது. சந்தை சேரும்போது மற்றவர்கள் பாதி விற்று முடித்திருப்பார்கள். நானும் யோக்கியன் இல்லை. என் திங்கள்கிழமையில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி நர்சுகளுக்கெல்லாம் வண்டியைக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் ஆட்டம் காணத் தொடங்கியது. முதலாளி கடைப் பையனை அனுப்பினார். அடுத்த வாரம் அவனும் வரவில்லை. புதன்கிழமைக்காரருக்கு வயலில் அறுப்பு. சனிக்கிழமைக்காரருக்குக் காலில் முள். நான்காவது திங்கள்கிழமை விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் அக்கா புறப்பட மாட்டாள், புறப்பட்டால் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நானே முடிவு செய்துகொண்டு இன்னொரு சாயா குடித்தேன். மழை எட்டு மணிக்கே விட்டுவிட்டது. நான் போகவில்லை.

மறுநாள் காலை இரண்டு மீன்காரிகள் கடவத்தோடு ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாரும் கேட்க, மூத்தவள் கத்தினாள்.

"கம்பவுண்டரே, ஒம்ம திங்கக்கெழம செத்துப்போச்சா?"

"மழை பெஞ்சுதுல்லா?"

"மழை பெஞ்சா எங்களுக்குக் கடலு இல்லியா, சந்த இல்லியா? அவ விடிஞ்சதுல இருந்து மத்தியானம் வரை வாசல்ல ஒரு கடவம் சாளைய வச்சிட்டு ஒம்ம ரோட்டப் பாத்துட்டு இருந்தா. அண்ணங்காரன் மீனக் கொண்டாந்து போட்டுட்டு மறுபடி கடலுக்குப் போயிட்டான். மீனு நாறிப்போச்சு, எல்லாத்தயும் மண்ணுல புதைச்சா. திருவிழாவுக்கு இன்னும் ரெண்டு ஞாயிறுதான் இருக்கு. கேட்டீரா?"

வழக்கம்போல எனக்குக் கோபம் வந்தது. என் சொந்தப் பணத்தைக் கொடுத்தேன், நான் என்ன இவர்களுக்குக் கூலிக்காரனா என்று முணுமுணுத்தேன். நேரில் பேசித் தீர்த்துவிடுவோம் என்று மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்புறத்துக்குப் போனேன்.

ரோடு முடிகிற இடத்தில்தான் வீடு. வாசலில் எங்கள் வண்டி நின்றது. குடை மழையில் நனைந்து சாயம் வழிந்திருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் திட்டவில்லை.

"இரியும் கம்பவுண்டரே. எனக்கு ஒங்க ஒருத்தர் மேலயும் வருத்தம் இல்ல. பெத்த தாயி செய்யாதத ஊரு செஞ்சிருக்கு. சாவுற வரைக்கும் ஓர்மை இருக்கும்."

"பின்னே என்னக்கா? நாள் தவறாம ஆள் வாறதுக்கு நான் ஏற்பாடு செய்யுதேன்."

"ஆள் வேண்டாம்." வலை பின்னுவதை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து ரோட்டுல போனேன்லா, நீரு பின்னாலயே ஓடி வந்தீரு. அப்ப என் கை எங்க இருந்துச்சு?"

நான் அவள் கையைப் பார்த்தேன்.

"சக்கரத்துல இருந்துச்சு" என்றாள். பிறகு பூவேலைப் பலகையை உள்ளங்கையால் தட்டினாள். "இதுல எங்க வைப்பேன்?"

அன்றைக்கு அவள் உள்ளங்கை சிவந்திருந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். இந்த ஊரில் என்னையும் வாட்ச்மேனையும் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அவள் கேட்டது போய்ச்சேர ஒரு வண்டி. நாங்கள் செய்துகொடுத்தது நாங்கள் தள்ளிக்கொண்டு போக ஒரு சப்பரம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் உடம்புக்கு முடியாத ஒருவர் தனியாகப் போக ஆசைப்படுவார் என்பதே எங்கள் புத்திக்கு எட்டாத விஷயம். நாங்கள் இத்தனை பேர் இருக்கும்போது தனியாக எதற்குப் போக வேண்டும் என்போம். அதைச் சொல்லிவிட்டு மழை வந்தால் சாயா குடிப்போம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "செரி, வெக்கப்பட்டது போதும். ஆகுற வழியப் பாரும்" என்றாள்.

நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். ஒருத்தரும் என்னைய கேக்கல்ல" என்றார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார். "சக்கரத்தைக் கையால உருட்டி ரெண்டு மைல் போனா தோளு போயிரும். சைக்கிள் பெடலைக் கொண்டுவந்து நெஞ்சுக்கு நேரா வைப்போம். ஒரு கை பெடலச் சுத்தட்டும், ஒரு கை முன்சக்கரத்தத் திருப்பட்டும். பலகை, குடை, தண்டு எல்லாம் வெட்டி எறியணும். அது கனமே ஒரு ஆளு கனம்." ஒரு தாளில் படமே வரைந்து வைத்திருந்தார். அதில் போட்டிருந்த தேதி, ஏலம் நடந்த ஞாயிற்றுக்கிழமை. இவரையா கருமி என்று நினைத்தேன்!

தண்டை வெட்டுவது என்றதும் முதலாளி கொதித்துவிட்டார். "ஊரறிய ஏலத்துல எடுத்தது. தண்ட வெட்டிட்டா என் வியாழக்கிழம என்னாவும்?" என்றார். சிரிப்பாக இருந்தாலும் அவர் மட்டும் அப்படிப் பேசவில்லை. ஏழு பேரில் நாலு பேர் தலையாட்டினார்கள். ஒரு நாளும் ஒழுங்காக வராதவர்களுக்குத்தான் உரிமை அதிகமாக வலித்தது. நான் எழுந்து நாலு வார்த்தை காரமாகக் கேட்டேன். காரியம் இன்னும் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எல்லாரும் கூடிப் பேசலாம் என்று உபதேசியார் நிறுத்தினார்.

அன்றைக்கு அண்ணன் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். முதலாளி தர்மத்தைப் பற்றிப் பேசி முடிக்கிற வரை அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏலத்துல எடுத்தத மறு ஏலத்துக்குத் திருப்பிக் குடுக்குறது நம்ம வழக்கந்தானே? தள்ளுற உரிமையையும் மறு ஏலம் போடும்."

திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று எவன் சொல்லுவான்? கஞ்சன் என்ற பெயரை யார் வாங்குவது? முதலில் நான் எழுந்து, "என் திங்கக்கெழம திருப்பிக் குடுத்தேன்" என்றேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலாளி கடைசியாக எழுந்து, "நான் மட்டும் என்ன கெட்டவனா? இந்தா குடுத்தேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "ஏழு நாளும் சேர்த்து, இந்த வண்டியத் தள்ளுற உரிமை. யாரு கேக்குறா?"

"ஒரு கடவம் சாளை" என்றாள் அக்கா.

"ஒரு கடவம் சாளை, ஒருதரம்..."

"ஒரு கடவம் சாளையும் ஒரு ரூவாயும்!" என்று ஒரு குரல் வந்தது. முதலாளிதான். முற்றமே திரும்பி அவரைப் பார்த்தது. முப்பது வருஷம் ஏலம் கேட்ட வாய், ஒருதரம் என்று காதில் விழுந்ததும் தானாகத் திறந்துவிட்டது. பாவம், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, பழக்கத்துல வந்துட்டு" என்றார். அக்காவே சிரித்துவிட்டாள்.

"ரெண்டு கடவம்" என்றாள்.

"ரெண்டு கடவம் சாளை, ஒருதரம்... ரெண்டுதரம்..." உபதேசியார் வழக்கத்தைவிட நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதலாளி பொத்திய கையை எடுக்கவில்லை. "மூணுதரம்!"

எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் எழுந்த சத்தத்தை எந்த வெடியும் எழுப்பியதில்லை. இரண்டு கடவம் சாளையும் ஆஸ்பத்திரி நோயாளிகளின் கஞ்சிக்குக் கறியாகப் போகட்டும் என்று உபதேசியார் தீர்த்தார்.

அந்த வாரம் சைக்கிள் கடை கடையாகவே இல்லை. வாடகைக்கு வந்தவர்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பினார். இந்தத் தடவை நாங்கள் பணம் கேட்கவில்லை, சாமான் கேட்டோம். தபால்காரர் தன் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றிக் கொடுத்தார். செயினும் பெடலும் ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து வந்தன. முதலாளி, சும்மா சொல்லக் கூடாது, புதுச் சைக்கிள் டயர் இரண்டை அவரே நாகர்கோவிலுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். வெட்டிய தண்டை மட்டும் எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிப்போய்க் கடையில் துணி தொங்கவிடும் கம்பாக மாட்டிக்கொண்டார். கால் வைக்கிற இடத்துக்கு முன்னால் மீன்பெட்டி உட்கார ஒரு சட்டம் வைத்தோம். ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன்னால் சைக்கிள் கடைக்காரர் கடற்புறத்துக்குப் போய் அக்காவின் கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஒருநாளில் மூன்று முறைகூடப் போயிருக்கிறார். அதன்பிறகு எங்கள் கூட்டம் நாலு பேருக்கு வண்டி செய்துகொடுத்தது. பனையிலிருந்து விழுந்தவர் ஒருவர், பட்டாளத்தில் காலை விட்டுவிட்டு வந்தவர் ஒருவர், போலியோ வந்த இரண்டு பெண்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே போக ஆசை என்று கேட்ட பிறகுதான் சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரைத் தொடுவார்.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா புறப்பட்டாள். விடிந்து வெளிச்சம் வந்த நேரம். யாரும் கூட வரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் நாங்கள் கூடப் போகவில்லை. நூறடி பின்னால் போனோம். நான், சைக்கிள் கடைக்காரர், உபதேசியார், வெள்ளை வேட்டியில் முதலாளி. கடலிலிருந்து கரையேறிய அண்ணனும் ஈர வேட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார். செயின் சத்தம் கரகர என்று முன்னால் போய்க்கொண்டிருந்தது.

குளத்தங்கரை ஏற்றம் வந்தது. அவள் விழுந்த அதே இடம். பாதி ஏறியதும் வண்டி நின்றது. பெடல் அசையவில்லை. அவள் தோள் இரண்டும் நடுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. ஒரு பக்கம் படித்துறைக் கல் தெரிந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் இரண்டு கையையும் நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கம்பவுண்டரே, கைய எடும். தள்ளுற உரிமை நான் ஏலத்துல எடுத்தது."

கையை எடுத்தேன். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்றை நான் செய்ததாக ஞாபகம் இல்லை. அவள் மூச்சை இழுத்து விட்டாள். பெடல் கால் சுற்று சுற்றியது, பிறகு அரைச் சுற்று. அண்ணன் பக்கத்தில் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வண்டி மேட்டில் ஏறி நின்றது. அங்கே ஒருமுறை தபால்காரர் கொடுத்த மணியை அடித்துவிட்டு இறக்கத்தில் போனாள். நாங்கள் ஓட வேண்டியிருந்தது.

சந்தையில் யாரும் கைதட்டவில்லை. மீன்காரிகளுக்கு வியாபார நேரம். மூத்தவள் மட்டும் தன் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள். புன்னைமரத்தடியில் அந்த வெறுங் கடவம் கவிழ்ந்து கிடந்தது. அக்கா குனிந்தாள், கை எட்டவில்லை. நான் ஓரடி எடுத்து வைத்துவிட்டு, அப்படியே நின்றுகொண்டேன். அவள் சக்கரத்தைக் கையால் பின்னுக்கு உருட்டி, வண்டியை ஒரு பக்கமாகத் திருப்பி, மறுபடி குனிந்து அதன் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். மரத்தில் தட்டித் தூசி உதறினாள். நிமிர்த்தி மடியில் வைத்து, சாளையை அள்ளிப் போட்டாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன பாத்துட்டு நிக்கேரு? வாங்குறதுன்னா வாங்கும். இல்லன்னா ஆளு வாற வழிய மறைக்காம அங்கோட்டு நில்லும்."

வாங்கினேன். அவள் விலையில் ஒரு காசு குறைக்கவில்லை.